பழைய விலாசம்

வீடு மாறிப் போகிறவனுக்கு ஒரு தர்மம் உண்டா என்று யாராவது கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். பால்காரருக்குக் கணக்குத் தீர்ப்பதும், தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும், புது விலாசத்தைப் பக்கத்து வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதும் நல்ல வழக்கங்கள். தர்மம் என்ற பெரிய பெயரை அவற்றுக்குச் சூட்ட வேண்டுமா, என்ன?

ஆனால் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒருவருடைய விலாசத்தை நம்பி இன்னொருவர் ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறார். முதலாமவர் சொல்லாமல் கொள்ளாமல் ஜாகையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறார். நம்பியவருடைய காரியம் கெட்டுப் போகிறது. குற்றம் யாருடையது? சொல்லாமல் போனவருடையதா? ஒரு தடவை விசாரித்துப் பார்க்காமல் பழைய விலாசத்தையே பிடித்துக் கொண்டிருந்தவருடையதா?

இரண்டு பக்கத்துக்கும் வக்கீல்கள் கிடைப்பார்கள். மனிதர்களை வைத்து இந்த வழக்கை விசாரித்தால், யார் நல்லவர், யார் கெட்டவர், யாருக்கு யார் மேல் பழைய பகை என்ற பேச்சு உடனே வந்து சேரும். கதை எழுதுகிறவனுக்கு அது சௌகரியம்; நியாயம் பார்க்கிறவனுக்கு இடைஞ்சல். ஆகவே நல்லெண்ணமும் கெட்ட எண்ணமும் இல்லாத ஓர் இடத்துக்கு வழக்கை மாற்றிக் கொள்கிறேன். அங்கே இது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது, இன்னும் தீர்ந்தபாடில்லை. அந்த இடம் கம்ப்யூட்டரின் நினைவகம்.

நினைவகத்தை மிக நீண்ட ஒரு தெருவாக எண்ணிக் கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவிலக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஓர் எண்ணோ ஒரு பெயரோ குடியிருக்கும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பொருள் மட்டும் போதுவதில்லை; நூறு, ஆயிரம் என்று வரிசையாக வேண்டியிருக்கிறது. அந்த வரிசை எவ்வளவு நீளும் என்பது முன்கூட்டித் தெரிவதுமில்லை. இதற்காக ஏற்பட்ட ஓர் ஏற்பாட்டுக்கு, சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில், வெக்டர் என்று பெயர். டென்மார்க்கில் பிறந்த பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரூப் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கிய வேலை, பிறகு அந்த மொழியாக வளர்ந்தது. அதற்குள் இந்த வெக்டரையும் அதன் உறவினர்களையும் கொண்டு வந்தவர் அலெக்ஸாண்டர் ஸ்டெப்பனாவ். மெங் லீ அவருடைய துணை. 1994-இல் மொழியின் தரக்குழு இதை ஏற்றுக் கொண்டது. 1998-இல் சர்வதேசத் தரமாகவே அச்சாகிவிட்டது.

வெக்டர் என்பது ஒரு விசித்திரமான கூட்டுக் குடும்பம். எத்தனை பேர் வந்தாலும் சேர்க்கும். ஆனால் எல்லோரும் அடுத்தடுத்த வீடுகளில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். இந்தப் பிடிவாதத்தில் அர்த்தம் இருக்கிறது. அடுத்தடுத்து இருந்தால் ஐந்தாமவன் எங்கே என்று தேட வேண்டாம். முதல் வீட்டிலிருந்து எண்ணினால் போதும். இன்றைய இயந்திரங்கள் நினைவகத்தை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. பெரும்பாலானவை ஒரு தடவைக்கு அறுபத்து நான்கு பைட் வீதம் அள்ளிக் கொண்டு வருகின்றன. பக்கத்தில் இருப்பவன் கூடவே வந்துவிடுவான்.

எட்டு வீடுகளைப் பிடித்துக் கொண்டு ஒரு வெக்டர் குடியேறியிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். எட்டு வீட்டிலும் ஆள் வந்தாகிவிட்டது. ஒன்பதாவது ஆள் வருகிறான். அடுத்த வீட்டில் வேறு யாரோ இருக்கலாம். குடும்பம் என்ன செய்யும்? ஒன்பதாமவனை மட்டும் தூரத்தில் வைக்க அதற்கு மனம் வராது. தெருவின் இன்னொரு கோடியில் பதினாறு வீடுகளைப் பிடித்து, எட்டுப் பேரையும் மூட்டை முடிச்சோடு அங்கே கொண்டு போய், ஒன்பதாமவனையும் சேர்த்துக் கொள்ளும். பழைய எட்டு வீடுகளும் காலி.

ஒன்பதாவது ஆளுக்காக எதற்குப் பதினாறு வீடு என்று சிக்கனக்காரர்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆள் வரும்போதெல்லாம் ஒரே ஒரு வீடு அதிகமாகப் பிடித்து இடம் மாறினால், 1,024 பேர் சேர்வதற்குள் மொத்தம் 5,23,776 தடவை யாராவது ஒருவர் மூட்டையைத் தூக்க வேண்டியிருக்கும். இடத்தை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கிக் கொண்டே போனால், அதே 1,024 பேருக்கு 1,023 மூட்டைகளோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆளுக்கு ஒன்று கூட இல்லை! எப்போதாவது ஒரு பெரிய அலைச்சல். மற்ற நாளெல்லாம் நிம்மதி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஏற்பாட்டில் இரட்டிப்புக்குப் பதில் ஒன்றரை மடங்கு. விகிதம் எதுவானாலும் தத்துவம் ஒன்றுதான். வளர வேண்டுமானால் இடம் பெயர வேண்டும். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது வழக்கின் இரண்டாவது கட்சிக்காரர் உள்ளே வருகிறார். அவர் பெயர் இட்டரேட்டர். அவரிடம் இருப்பது ஒரு விலாசச் சீட்டு. வரிசையில் இருப்பவர்களை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. மூன்றாவது வீட்டு வாசலில் நிற்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்தச் சமயம் பார்த்து ஒன்பதாவது ஆள் வந்து சேர்கிறான். குடும்பம் முழுவதும் தெருக்கோடிக்குப் போய்விடுகிறது. இவரிடம் யாரும் சொல்லவில்லை. சீட்டில் இருப்பது பழைய கதவிலக்கம். அவர் போய்க் கதவைத் தட்டுகிறார்.

கதவு பூட்டியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. யாரும் இல்லை என்று தெரிந்து கொண்டு திரும்பி விடுவார். விபரீதம் என்னவென்றால், அநேகமாகக் கதவு திறந்து கொள்கிறது. நினைவகத்தில் ஒருவர் காலி செய்தால், அவர் விட்டுப் போனதை யாரும் உடனே துடைத்துக் கழுவுவதில்லை. எண்ணும் பெயரும் அப்படியே கிடக்கின்றன. தட்டியவருக்குச் சரியான பதிலே கிடைக்கிறது! எதிர்பார்த்த குரல், எதிர்பார்த்த வார்த்தை. திருப்தியோடு அடுத்த வாசலுக்குப் போகிறார். இறந்தவர் பேசுவது போல என்று சொல்ல நினைத்தேன். ஆனால் இது அதைவிட மோசம். போனவர் உயிரோடு வேறிடத்தில் மாறிக் கொண்டிருக்கிறார். இவரோ அவருடைய பழைய சாயலோடு பேசிக் கொண்டிருக்கிறார்.

பிறகு ஒரு நாள் அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடி வருகிறார்கள். அன்றைக்குத்தான் கூத்து ஆரம்பம். இவர் யாருடைய சொத்தையோ தம்முடையது என்று எண்ணிப் படிக்கிறார். சில சமயம் அதில் எழுதியும் விடுகிறார். நஷ்டம் தலைதூக்கும் இடத்துக்கும் தவறு நடந்த இடத்துக்கும் சம்பந்தமே தெரியாது.

இதற்கு மொழியின் சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது? இடம் பெயர்ந்த கணத்திலேயே பழைய சீட்டுகள் எல்லாம் செல்லாதவை. செல்லாத சீட்டை ஒருவர் பயன்படுத்தினால் நடப்பது எதையும் இந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. புரோகிராம் நின்று போகலாம், தவறான விடை தரலாம், சரியான விடையே கூடத் தரலாம். தண்டனை இன்னது என்று சொல்கிற சட்டங்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். என்ன நடந்தாலும் கேட்காதே என்று சொல்கிற சட்டம் அபூர்வம்.

என் அண்ணன் மகள் பெங்களூரில் இந்தத் தொழிலில்தான் இருக்கிறாள். அவளிடம் இந்த அநியாயத்தைச் சொல்லி அங்கலாய்த்தேன்.

"போனவன் மேலேயே பழி போடறீங்களே, சித்தப்பா" என்றாள். "வெக்டர் யாரை ஏமாத்தித்து? எந்தெந்தக் காரியம் செஞ்சா எந்தெந்த விலாசம் செல்லாதுன்னு ஒண்ணொண்ணா எழுதி வெச்சிருக்கு. படிக்காம வந்தவன் மேலதானே தப்பு?"

"எழுதி வைத்தது சரி அம்மா. சீட்டை வைத்திருக்கிறவன் ஒருத்தன், ஒன்பதாவது ஆளைக் கூட்டிக் கொண்டு வருகிறவன் வேறொருத்தன் என்றால்?"

"அது இருக்கே, அதைத் தேடறதுதான் எங்களுக்குப் பாதி நாள் வேலை" என்று சிரித்தாள்.

அவள் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வெக்டரின் பக்கம் ஒரு பலமான நியாயம் இருக்கிறது. ஸ்ட்ரௌஸ்ட்ரூப் தம் மொழிக்கு வகுத்துக் கொண்ட கொள்கைகளில் ஒன்று, ஒருவர் பயன்படுத்தாத வசதிக்கு அவரிடம் விலை வாங்கக் கூடாது என்பது. தன் விலாசத்தை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று வெக்டர் ஒரு பேரேடு எழுத வேண்டுமானால், ஒவ்வொரு நாளும் அதற்கு நேரமும் இடமும் செலவாகும். எந்தச் சீட்டும் வாங்காதவர்கள், தங்கள் சீட்டைத் தாங்களே கவனித்துக் கொள்கிற ஜாக்கிரதைக்காரர்கள், எல்லோரும் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும். அஜாக்கிரதைக்காரனுக்காக ஊர் முழுவதும் வரி கட்டுவதா? கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தால் முன்னதாகவே ஆயிரம் வீடுகளைப் பிடித்து வைத்துக் கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. வருங்காலம் தெரிந்தவர்களுக்கு எல்லாமே சுலபம்.

ஆனாலும் இந்த நேர்மையில் எனக்கு ஓர் உறுத்தல். இது இரண்டு பேர் செய்து கொண்ட உடன்படிக்கை. வெக்டரைச் செய்தவர் ஒரு கட்சி. அதை எடுத்துப் பயன்படுத்துகிற புரோகிராமர் இன்னொரு கட்சி. வேகம் கிடைக்கும், ஜாக்கிரதை உன் பொறுப்பு என்று இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். சரி. தவறு நேரும்போது நஷ்டப்படுகிறவர் யார்? இந்த இருவரும் அல்ல. டெலிபோனில் ஒரு படத்தைத் திறந்து பார்க்கிற ஒரு பெண்மணி. ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கிற ஒரு பெரியவர். அவர்களுக்கு உடன்படிக்கை தெரியாது. வெக்டர் என்ற சொல்லே தெரியாது.

நான் மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2019-இல் ஒரு கணக்குச் சொல்லிற்று. அந்நிறுவனம் ஆண்டுதோறும் ஒட்டுப் போட்டுச் சரிசெய்கிற பாதுகாப்புக் குறைகளில் ஏறக்குறைய 70 சதவீதம், நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை. கூகிளின் குரோமியம் உலாவியைச் செய்கிறவர்கள் 2020-இல் தங்கள் கணக்கைப் பார்த்தார்கள். கடுமையான குறைகளில் அங்கேயும் சுமார் 70 சதவீதம் இந்த ரகம். அதில் பாதி, காலி செய்த வீட்டின் விலாசத்தைப் பயன்படுத்தியதால் நேர்ந்தவை. எல்லாம் வெக்டரால் என்று சொல்லவில்லை; வீட்டைக் காலி செய்ய வேறு எத்தனையோ வழிகள் உண்டு. நோய் ஒன்றுதான்.

இதில் திருடர்கள் கண்டுபிடித்த தந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு நாவலில் வைத்தால் நம்ப மாட்டீர்கள். பழைய விலாசத்தோடு ஒருவர் வரப் போகிறார் என்று தெரிந்து கொண்டு, அவர் வருவதற்குள் காலி வீட்டில் தங்கள் சாமான்களைக் கொண்டு வந்து அடுக்கி வைத்துவிடுகிறார்கள். வருகிறவர் எல்லாம் தமக்குப் பழக்கமானவருடைய சாமான்கள் என்று நம்பி, அங்கே எழுதி வைத்திருக்கும் கட்டளைப்படி நடக்கிறார். அவர் கையாலேயே சாவி போய்விடுகிறது. 2024 பிப்ரவரியில், அமெரிக்க ஜனாதிபதி மாளிகையைச் சேர்ந்த கம்ப்யூட்டர்ப் பாதுகாப்பு அலுவலகம், இத்தகைய ஆபத்துக்கு இடம் தராத மொழிகளுக்கு மாறும்படி தொழிலில் உள்ளவர்களைக் கேட்டுக் கொண்டு ஓர் அறிக்கையே வெளியிட்டது. வீடு மாறும் தர்மம் ராஜாங்க விஷயமாகிவிட்டது.

போகிறவர் புது விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போகும்படி செய்தால் என்ன? செய்து பார்த்திருக்கிறார்கள். 1984-இல் வெளிவந்த மக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் மொத்த நினைவகமே 128 கிலோபைட். இடுக்கான இடம் ஆகையால் குடியிருப்பவர்களை அடிக்கடி நகர்த்தி ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஓர் அருமையான யுக்தி செய்தார்கள். யாருக்கும் வீட்டு விலாசத்தைக் கொடுப்பதில்லை. இடம் மாறாத ஒரு பலகையின் விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். பலகையில் இன்றைய கதவிலக்கம் எழுதியிருக்கும். குடும்பம் நகர்ந்தால் பலகையில் எண்ணை மாற்றி எழுதிவிடுவார்கள். பார்க்க வருகிறவர் முதலில் பலகைக்கு வர வேண்டும். பிறகு வீட்டுக்குப் போக வேண்டும்.

நியாயமான ஏற்பாடு அல்லவா? ஆனால் மனித சுபாவம் என்று ஒன்று இருக்கிறதே! ஒவ்வொரு தடவையும் பலகைக்குப் போவானேன் என்று ஒரு தடவை பார்த்த எண்ணைத் தனிச் சீட்டில் குறித்து வைத்துக் கொண்டார்கள். அதற்குள் வீடு நகர்ந்தது. பழைய கதை. கடைசியில் ஆப்பிள் நிறுவனம் புரோகிராமர்களுக்காக வெளியிட்ட கையேட்டில், எந்தெந்தக் காரியங்களைச் செய்தால் நினைவகம் நகரக் கூடும் என்று ஒரு நீண்ட பட்டியலே அச்சிட நேர்ந்தது. மறுபடியும் 'எழுதி வைத்திருக்கிறது, படித்துக் கொள்!'

ஜாவா மொழிக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 1998 டிசம்பரில் வெளியான அவர்களுடைய பதிப்பில், ஒவ்வொரு குடும்பமும் தன்னிடம் நேர்ந்த மாற்றங்களுக்கு ஓர் எண்ணிக்கை வைத்துக் கொள்ளும். பார்வையாளர் வந்த போது இருந்த எண்ணிக்கையும் இப்போது இருக்கிற எண்ணிக்கையும் ஒவ்வாவிட்டால் உடனே கூச்சல் போட்டு வேலையை நிறுத்திவிடும். நல்லதுதான். ஆனால் எப்போதும் கூச்சல் போடுவோம் என்று உத்தரவாதம் இல்லை, இதை நம்பிப் புரோகிராம் எழுதாதீர்கள் என்று அவர்களே குறிப்பும் சேர்த்தார்கள். சிறிது கூர்க்காவின் ஞாபகம் வருகிறது.

கண்டிப்பான பதில் வந்தது ரஸ்ட் என்ற மொழியிலிருந்து. 2006-இல் கிரேடன் ஹோர் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கி, மொசில்லா நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதம் முதல் பதிப்பாக வெளிவந்தது அது. அதன் சட்டம் ஒரே வரி. ஒருவர் பார்த்துக் கொண்டிருக்கும் வரையில் யாரும் எதையும் மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமானால் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் விலகிக் கொள்ள வேண்டும். இதை மீறினால் பிறகு தண்டிப்பது என்ற பேச்சே இல்லை. புரோகிராமை இயந்திரத்துக்கு ஏற்றபடி மொழிபெயர்க்கும் கட்டத்திலேயே நிராகரித்துவிடும். ஓட ஆரம்பித்த பிறகு இதற்காக ஒரு கணக்கும் வைப்பதில்லை. ஆகையால் ஸ்ட்ரௌஸ்ட்ரூப்பின் வரி விலக்கும் கெடவில்லை.

இந்தச் சட்டத்தை முதலில் கேட்டபோது, மருமகள் அடுக்களையில் காலடி வைக்கு முன்னாலேயே கணக்குக் கேட்கும் மாமியாரைப் போல் எனக்குப் பட்டது. ஒருவேளை இரண்டு வீடுகள் காலியாகவே இருக்கலாம். ஒன்பதாவது ஆள் வந்தாலும் குடும்பம் நகராமல் இருக்கலாம். அப்படி இருந்தும் இது அனுமதிப்பதில்லை. கெடுதல் நேராத காரியங்களையும் சேர்த்துத் தடுக்கிறது. குற்றம் செய்யாதவனையும் கூடப் பிடித்து வைக்கிற சட்டத்தை நாம் வேறு எந்த இடத்திலும் ஒப்புக் கொள்ள மாட்டோம். இங்கே நான் ஒப்புக் கொள்கிறேன். பிடித்து வைக்கப்படுகிறவர் யார் என்று பாருங்கள். தொழில் தெரிந்த, சம்பளம் வாங்குகிற புரோகிராமர். அவருக்கு நேர்கிற கஷ்டம், மாலை நேரத்தில் இன்னும் ஒரு மணி. விடுவிக்கப்படுகிறவர் அந்த ஓய்வூதியக்காரர். முதலாமவருக்குத் தெரியும், இரண்டாமவருக்குத் தெரியாது. தெரிந்தவர் மேல் சுமையை ஏற்றுவதுதானே முறை? தெரியாதவர் தலையில் நஷ்டத்தைக் கட்டுகிற சுதந்திரத்தைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேகம் வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் நான் மறுக்கவில்லை. அவர்களில் மிகத் திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஒரு தடவை கூடச் சீட்டைத் தவற விடாதவர்களும் இருக்கலாம். ஆனால் குரோமியத்தை எழுதியவர்கள் மட்டும் திறமைசாலிகள் இல்லையா, என்ன?

ரஸ்ட்டின் சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதாகவும் எண்ணிவிடக் கூடாது. விலாசம் வைத்துக் கொள்ளத்தானே இத்தனை தடை? விலாசமே வேண்டாம், 'வரிசையில் ஏழாமவன்' என்று வெறும் எண்ணை மட்டும் வைத்துக் கொள்வோம் என்று பலர் போய்விடுகிறார்கள். எண்ணுக்கு எந்த மொழியிலும் தடை கிடையாது. குடும்பம் எங்கே நகர்ந்தாலும் ஏழாமவன் ஏழாமவன்தான். அழகான யோசனை. ஆனால் நடுவில் மூன்றாமவன் வெளியேறினால் எல்லோரும் ஒரு வீடு முன்னால் நகர்கிறார்கள். இப்போது ஏழாம் வீட்டில் இருப்பவன் நேற்றைய எட்டாமவன். பைத்தான் மொழி பழகும் மாணவர்கள் ஒரு பட்டியலில் வேண்டாதவர்களை நீக்கிக் கொண்டே நடந்து போவார்கள். ஒருவனை நீக்கியதும் அடுத்தவன் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுவான். நடக்கிறவரோ அவனைப் பார்க்காமலே அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். நீக்கப்பட வேண்டியவன் தப்பித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இங்கே சட்டம் எதுவும் மீறப்படவில்லை. வீடு உண்மையானது, அதில் ஆளும் இருக்கிறார், கதவிலக்கமும் செல்லும். அவர் நாம் தேடி வந்தவர் அல்ல, அவ்வளவுதான். எந்த மொழியின் காவற்காரனும் இதைப் பிடிக்க முடியாது. நான் யாரைத் தேடுகிறேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்?

கம்ப்யூட்டர் விளையாட்டுகள் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். நொடிக்கு நொடி வீரர்கள் தோன்றி மடிந்து கொண்டிருப்பார்கள். ஒருவன் மடிந்த இடத்தில் இன்னொருவன் வந்து உட்காருவான். துரத்தி வருகிற அம்பு, இறந்தவனுக்குப் பதிலாகப் புதிதாக வந்த அப்பாவியைத் தைத்துவிடும். அவர்கள் வீடுகளை முன்னால் நகர்த்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டின் கதவிலும் இரண்டு எண்கள் எழுதினார்கள். ஒன்று கதவிலக்கம்; மற்றது அந்த வீட்டில் இதுவரை எத்தனை குடி மாறியிருக்கிறது என்ற கணக்கு. சீட்டிலும் இரண்டு எண்களையும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஏழாம் வீடு, மூன்றாம் குடி என்ற சீட்டோடு ஒருவர் வருகிறார். கதவில் ஏழாம் வீடு, நான்காம் குடி என்று இருக்கிறது. அவர் தட்டுவதில்லை.